ஒரு பந்தை ஏன் விட்டுவைத்தார்?

சேத்துப்பட்டிலிருந்து ஆரணி வரும் பஸ்ஸில் செல்போனில் ஸ்ட்ரெயிட் பூல் என்ற பில்லியர்ட்ஸ் வகை ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். தவறவிடாமல் தொடர்ந்து எத்தனை பந்துகளைக் குழியில் போடுகிறார்கள் என்பதுதான் அதில் பெருமை.

பக்கத்து சீட்டில் பட்டுத்தறி நெய்யும் அக்கா ஒருவர். எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவர் திடீரென்று பதறினார்.

"அய்ய, எல்லாத்தையும் போட்டுகினு வந்து ஒன்ன மட்டும் வுட்டுட்டானே!"

"இருங்கக்கா, பாருங்க."

குழியில் விழுந்த மற்ற பதினான்கு பந்துகளையும் எடுத்து மறுபடி முக்கோணமாக அடுக்கினார்கள். ஆட்டக்காரர் மிச்சம் வைத்த பந்தைக் குழியில் போட்டார். அதே அடியில், கோலால் அடித்த வெள்ளைப் பந்து போய் அடுக்கைக் கலைத்தது. ஆட்டம் அறுபடவே இல்லை.

அக்கா சிரித்துவிட்டார். "நாங்களும் அப்டித்தான். நீளவாக்குல ஓடுற பழைய பாவு நூலு முடியறப்ப நுனிய தறியிலயே வுட்டு வெச்சு, அதுலதான் புதுப் பாவு நூல பிணைப்போம்."

இத்தனை நாள் நான் குழியில் விழும் பந்துகளையே பார்த்திருக்கிறேன். சூட்சுமம் விட்டுவைக்கும் பந்தில்தானோ?

யோசிப்பதற்குள் அக்கா டிக்கெட் வாங்கியிருந்த ஸ்டாப் போய்விட்டது. சொன்னேன்.

"அவன் ஒன்னு மிஸ் பண்ணட்டும், எறங்கிடறேன்."

பஸ் ஸ்டாண்டே வந்தாகிவிட்டது. காலி பஸ்ஸில் நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருக்கிறோம். ஆட்டக்காரர் இன்னும் மிஸ் பண்ணவில்லை. கண்டக்டரிடம் என்ன சொல்லட்டும்?