சுறா எண்ணெய் பூசிய ஜீப்

1. டக்

வெள்ளிக்கிழமை பின்னேரம் சூசை அண்ணை ஜீப்பைக் கராஜுக்குள் விட்டார். இறங்கவில்லை. ஸ்டியறிங்கில் கை வைத்தபடியே இருந்தார்.

"திருப்பி அனுப்பிப் போட்டாங்கள் தம்பி."

என் கராஜ் தோட்டவெளி என்ற ஊரில் இருக்கிறது. முப்பது வருசத்துக்கு மேல் இந்தத் தீவில் ஓடும் ஜீப்புகளுக்கு அடியில் கிடந்திருக்கிறேன். ஏழாம் வகுப்போடு நின்றவன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதித் தரத் தொழிற்பயிற்சி நிலையத்தில் கேட்டார்கள். நன்றாக முடிந்த வேலைகள் நிறைய. அவற்றில் எழுத ஒன்றும் இல்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

சூசை அண்ணை தலைமன்னார்க்காரர். கடலில் பிழைப்பில்லை என்று போட்டையும் வலையையும் விற்று அந்தப் பழைய டிபென்டர் ஜீப்பை வாங்கினார். கரையோரத்தை அளக்க வந்த ஒரு கம்பனி, மணலில் ஓடக்கூடிய வாகனம் வாடகைக்குத் தேடிக்கொண்டிருந்தது. கிடைத்தால் ஒரு வருச ஓட்டம். கம்பனி ஒபிசர் ஜீப்பை ஓட்டிப் பார்த்திருக்கிறார். பின்னால் சத்தம். திருத்திக்கொண்டு திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கும் சரியில்லை என்றால் வேறு ஜீப் பிடிப்பார்கள்.

"போட்டும் இல்லை. இது ஒண்டுதான் கிடக்கு" என்றார் அண்ணை.

நான் ஒரு சுற்று ஓட்டினேன். அக்சிலேட்டரை மிதித்தால் ஒரு டக். காலை எடுத்தால் இன்னொரு டக். வளைவில் பின்பக்கம் தன்பாட்டில் போனது.

அந்த ஜீப்பின் பின் சில்லுகளைத் தாங்கும் அச்சான அக்சிலுக்கு மேலே ஆங்கில ஏ எழுத்தைப் போல ஒரு சட்டம் உண்டு. ஏ பிரேம் என்போம். அதன் நுனியை அக்சிலோடு பிடித்து வைத்திருப்பது ஒரேயொரு போல் ஜொயின்ட். கிண்ணத்துக்குள் ஓர் இரும்புப் பந்து. மணல் போகாமல் ஒரு ரப்பர் பூட் மூடியிருக்கும். பந்து தேய்ந்தால் அக்சில் அலையும். பந்து கழன்றால் அக்சில் உருளும்.

அலவாங்கை இடையில் கொடுத்து நெம்பினேன். அரை அங்குல ஆட்டம்.

"செத்துப் போச்சு அண்ணை."

"ஆர்? நானோ, ஜீப்போ?"

2. கழற்றினது

கொழும்புக் கடைக்கு உடனே போன் எடுத்தேன். சனிக்கிழமை காலையில் புது ஜொயின்ட் பஸ்ஸில் வந்தது. கொண்டக்டர் பெட்டியைத் தூக்கிப் பார்த்தான்.

"என்ன பாஸ் இது? இரும்புக் கத்தரிக்காயோ?"

நானும் அண்ணையும் முன் சில்லுகளுக்குக் கல் வைத்தோம். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அடிச்சட்டமான சேசிக்கு ஸ்டாண்ட் கொடுத்தோம். அக்சிலின் நடுவில் முன்னால் துருத்தும் மூக்குக்குக் கீழே இன்னொரு ஜாக்கி. இதை மறக்கக் கூடாது. ஏ பிரேமைக் கழற்றினால் மூக்கு தொங்கிவிடும். அடியில் கிடப்பது நீங்கள்.

நட்டுக்குக் குறுக்கே போகும் ஸ்பிளிட் பின் துருவாகக் கொட்டியது. நட்டு அசையவில்லை. நெருப்புக் கொடுத்தேன். இரண்டாம் தடவை சிவக்கப் பிடித்த பிறகு அசைந்தது. சட்டத்தைப் பிடிக்கும் போல்ட் இரண்டில் ஒன்று முறிந்து உள்ளே நின்றது. அதைத் துளைத்து எடுக்கச் சனிக்கிழமை முடிந்தது.

ஞாயிறு பூசைக்கு நானும் போகவில்லை, அவரும் போகவில்லை. பந்தின் தண்டு அக்சிலில் உள்ள துளைக்குள் இறுகியிருந்தது. ஒருவர் அடித்தால் அது வராது. இரண்டு பக்கமும் இரண்டு சுத்தியல் ஒரே நேரத்தில் விழவேண்டும். நேரம் பிசகினால் கைதான் போகும். அண்ணை ஒரு சுத்தியலை எடுத்தார். கரைவலை இழுக்கும்போது போடும் குரலைப் போட்டார்.

"ஏலோ!"

அடித்தோம்.

"ஏலோ!"

அடித்தோம். பத்தாவது அடியில் விழுந்தது.

பழைய ரப்பர் பூட் ஊதிப்போய், தேத்தண்ணியில் நனைத்த பாண் துண்டு மாதிரி இருந்தது. தொட்டால் பிய்ந்தது. பழசு என்று நினைத்து எறிந்துவிட்டேன். ஒரு நிமிசமாவது அதைக் கையில் வைத்துப் பார்க்கவில்லை.

புதியதைப் போட்டு இறுக்கிப் புது ஸ்பிளிட் பின் அடித்தேன். ஆட்டம் இல்லை.

பிறகு எண்ணெய். இங்கே உப்பு இரும்பைத் தின்னும். பழைய ஆட்கள் வள்ளத்துப் பலகைக்குச் சுறா எண்ணெய் பூசுவார்கள். அதைப் பார்த்து, சுறா எண்ணெயையும் கழிவு ஒயிலையும் பாதிக்குப் பாதி கலந்து ஜீப்புகளின் அடிக்குப் பூசத் தொடங்கியவன் நான்தான். இருபது வருசமாகப் பூசினேன். இந்த ஜீப்பின் பழைய சொந்தக்காரரும் என்னிடம்தான் பூசுவித்தவர். சேசி துருப்பிடிக்கவில்லை. கைராசிக்காரன் என்று சனம் சொன்னது. நானும் நம்பினேன்.

அண்ணை எண்ணெயைத் தானே கொண்டுவந்திருந்தார். ஒரு பிளாஸ்டிக் கான் நிறைய.

"என்ரை போட்டிலை பட்ட கடைசிச் சுறாவின்ரை ஈரல். நானே காய்ச்சினது. ஒரு இடமும் விடாதை."

"மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு பூசமாட்டாங்கள் அண்ணை."

"எனக்கு இதுதானடா மாப்பிள்ளை. சோறு போடப் போறது இதுதானே."

புதுச் சாமான் என்று ரப்பர் பூட்டுக்கு மட்டும் இரண்டு பூச்சுப் பூசினேன்.

திங்கட்கிழமை மத்தியானம் அண்ணையிடமிருந்து போன் வந்தது.

"ஜீப்பை எடுத்திட்டாங்கள் தம்பி."

3. நாலாம் மாதம்

ஓட்டம் தொடங்கி நாலாம் மாதம் ஒருநாள் காலையில் திரும்பவும் அவரின் போன்.

"பின்பக்கம் விழுந்திட்டுது. வா."

மோட்டார் சைக்கிளில் போனேன். ஜீப் கரையில் அலை தொடும் இடத்தில் நின்றது. அக்சில் உருண்டு, எஞ்சினின் சுற்றைப் பின்னுக்குக் கொண்டுபோகும் புரப்பெல்லர் சாப்ட் கழன்று, ஒரு சில்லு மட்கார்டில் முட்டிக் கிடந்தது. அளக்கிறவர்கள் நாலு பேர் பெட்டிகளைத் தோளில் வைத்துக்கொண்டு மணலில் நடந்து போனார்கள். ஒருவருக்கும் காயமில்லை. ஒபிசர் சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"மிஸ்டர் சூசை, ஆக்கள் தப்பினது பெரிய விசயம். இனி உங்கட வாகனத்தை எடுக்கேலாது."

"புதுசு போட்டது சேர். திருத்தின பாஸைக் கேளுங்கோ."

ஒபிசர் என்னைப் பார்த்தார்.

"ஓம். புதுசுதான்" என்றேன்.

"அப்ப இது என்ன?"

நான் குனிந்து அடியைப் பார்த்தேன். மறுநாள் வேறு ஜீப் வந்துவிட்டது.

டிராக்டரில் கட்டி இழுத்து வந்து கழற்றினேன். பந்து கிண்ணத்தை விட்டு வெளியே வந்திருந்தது. கிண்ணம் நிறைய மணல். ரப்பர் பூட் ஊதிக் கிழிந்திருந்தது. திரும்பவும் தேத்தண்ணியில் நனைத்த பாண். நாலு மாத ரப்பர் அப்படி ஆகாது. இந்த முறை எறியவில்லை. மணந்து பார்த்தேன். சுறா. உள் மடிப்பில் என் பிரஷின் மயிர் ஒன்று ஒட்டியிருந்தது.

கடையில் ஒரு புது ரப்பர் பூட் வாங்கினேன். அந்த எண்ணெய் ஊற்றிய தகர ரின்னுக்குள் போட்டு மூடி வைத்தேன். பத்தாம் நாள் எடுத்துப் பார்த்தேன். விரல் உள்ளே போனது.

பக்கத்துத் தாராபுரத்தில் நான் எண்ணெய் பூசிய ஜீப் இரண்டு நின்றன. போய் அடியில் படுத்துப் பார்த்தேன். இரண்டிலும் அதே பாண்.

"என்ன பாஸ், கூப்பிடாமலே வந்து பாக்கிறீங்க?" என்று ஜீப்காரர் கேட்டார். "நல்லாத்தானே பூசித் தந்தீங்க."

அவருக்குச் சொன்னேன். அவர் சிரித்தார். பகிடி என்று நினைத்தார்.

4. சொன்னது

அடுத்த ஞாயிறு தலைமன்னாருக்குப் போனேன். சூசை அண்ணை கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அது அவருடைய வலை இல்லை. இன்னொருவரின் போட்டில் கூலிக்குப் போகத் தொடங்கியிருந்தார். ஒரு காலத்தில் அந்தப் போட்காரரின் தகப்பனை வேலைக்கு வைத்திருந்தவர் அண்ணை.

பக்கத்தில் குந்தி இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ரப்பர், மணல், ரின், பத்து நாள். அவர் கை நிற்கவில்லை. ஒரு முடிச்சு, இன்னொரு முடிச்சு.

"என்ரை எண்ணெயோ?"

"எண்ணெய் உங்கட. பூசினது நான்."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"நீ சொல்லாமல் விட்டிருக்கலாம் தம்பி. உப்புத்தான் திண்டதெண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருப்பன். உப்போடை எனக்கு என்ன கோவம்?"

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். புது ஜொயின்ட் என் செலவில் போட்டுத் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"போடு. ஆர் வந்து ஏறப்போறாங்கள்?"

நான் கற்றது இவ்வளவுதான். எண்ணெய் இரும்புக்கு நல்லது, பலகைக்கு நல்லது, ரப்பருக்குக் கூடாது. பூச வேண்டுமென்றால் முதலில் ரப்பரைப் பொலித்தீனால் சுற்றிக் கட்டுங்கள். கழற்றின பழைய சாமானை எறிய முன்னம் கையில் வைத்துப் பாருங்கள். ஏன் செத்தது என்று அது சொல்லும். எனக்கு முதல் தரமே சொன்னது. நான் கேட்கவில்லை.

மூன்றாவது ஜொயின்டைப் போட்டுவிட்டேன். ஜீப் கராஜுக்குப் பின்னால் நிற்கிறது. வாங்குவதற்கும் ஆளில்லை, வாடகைக்குக் கேட்கவும் ஆளில்லை. அண்ணை வந்து பார்ப்பதும் இல்லை. இந்த முறை எண்ணெய் பூசவில்லை; சேசியை உப்புத் தின்னத் தொடங்கிவிட்டது. மாதம் ஒருமுறை அடியில் படுத்து அந்த ரப்பரைத் தொட்டுப் பார்க்கிறேன். காய்ந்து, இறுக்கமாக, போட்ட அன்றைக்கு இருந்தது போலவே இருக்கிறது.