ஒரே படிக்கட்டு

வெள்ளறடை மர அறுவை மில்லில் அயினி மரத்தூள் மூக்கை அடைக்கிறது. நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றை முழுக்க மரத்திலேயே வடிவமைத்திருக்கிறேன். அதற்கு மரம் பார்க்க வந்திருக்கிறேன்.

பலகை அடுக்கும் ஸ்டெல்லா கேட்கிறார்: "தீ பிடிச்சா என்ன செய்வீங்க சாரே?"

"தடிச்ச உத்தரம் வெளியதான் கருகும். உள்ள உறுதியா நிக்கும்." கருத்தரங்குகளில் கைதட்டல் வாங்கிய பதில்.

"நேராக்கும், நீங்க சொன்னது உண்மதான். எனக்க வீட்டுல உத்தரம் இப்பவும் நிக்குது. மரப்படிதான் முதல்ல எரிஞ்சுது. மேல கெடந்த எனக்க வீட்டுக்காரருக்கு எறங்க வழியில்லாம போச்சு."

சொல்லிவிட்டு அடுத்த பலகையைத் தூக்குகிறார். நான் வெளியே வந்து அலுவலகத்தை அழைத்து அந்தக் குடியிருப்பின் வேலையை நிறுத்தச் சொல்கிறேன்.

நான் வடிவமைத்த கட்டடத்திலும் ஒரே படிக்கட்டுதான். அதுவும் மரம்.