சுதாகரனின் இரும்புப் பெட்டி

கரடியனாற்றுச் சுதாகரன் ஓமான் பாலைவனத்தில் ஜீப் ஓட்டிய ஆள். அங்கே ஒருநாள் அவன் கண்முன்னாலேயே ஒரு ஜீப் மணல்மேட்டில் உருண்டது. ஓட்டி வந்தவனுக்கு உருண்டதில் ஒன்றும் ஆகவில்லை. பின்னால் கட்டாமல் கிடந்த ஜாக் பறந்து வந்து பிடரியில் அடித்ததில்தான் செத்தான். அன்றிலிருந்து வண்டிக்குள் எது ஆடினாலும் சுதாகரன் நிறுத்தி இறங்கி அதைக் கட்டிவிட்டுத்தான் ஓட்டுவான்.

ஊருக்குத் திரும்பிப் பழைய ஜீப் ஒன்றை வாங்கினான். வீதி முடிகிற இடத்துக்கு அப்பால் போக வேண்டியவர்கள், நில அளவைக்காரர் முதல் யானை விரட்டுகிறவர்கள் வரை, அவனைத்தான் கூப்பிட்டார்கள். ஜாக்கை வார்ப்பட்டி போட்டு இறுக்குவான். கொளுக்கிகளைப் பழஞ்சாரத் துணியில் சுற்றி வைப்பான். சேற்றில் இழுத்த கயிற்றைக் கழுவி, நிழலில் உலர்த்தி, பிறகுதான் மடிப்பான். வெயிலில் கிடந்த கயிற்றை நம்பக்கூடாது என்பான்.

"என்ர சீலையையும் இப்படி ஒருக்கா மடிச்சுத் தாங்களன்" என்று பெண்சாதி மங்கையற்கரசி நக்கலடிப்பாள்.

ஊரில் வேறு தொல்லை. மாரியில் வயல்வட்டைக்குள் உழவு இயந்திரம் புதைந்தால், யாருடைய ஜீப்பிலும் ஏறிக் கயிற்றை எடுத்துக்கொண்டு போகலாம். இங்கே அது களவில்லை. அவசரத்துக்கு எடுத்தது அவசரம் முடிந்தால் திரும்பி வர வேண்டுமே, அது மட்டும் நடக்காது. ஓமானிலிருந்து அவன் கொண்டுவந்த அகலக் கயிறு பக்கத்து வளவு வன்னியசிங்கத்தின் மாட்டுப் பட்டிக்குப் போய் அங்கேயே குடியிருந்தது.

கேட்டால், "மறுகா தாறன் தம்பி, அது எங்க ஓடப்போகுது" என்பார்.

பொறுத்துப் பார்த்துவிட்டு, ஏறாவூர் இன்ஷாபின் பட்டறையில் கனத்த தகட்டில் ஒரு பெட்டி அடித்து, ஜீப்பின் தரையோடு இறுக்கினான். புதுக் கயிறு ஒன்று வாங்கி, ஜாக்கோடு அதற்குள் வைத்தான். பூட்டு உள்ளே பதிந்திருக்கும். "ஷெல் விழுந்தாலும் திறக்காது" என்றான் இன்ஷாப். சுதாகரனுக்கு அன்று வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. ஊர் அவனைக் கஞ்சன் என்றது. சொல்லட்டும் என்று விட்டான். ஜீப் சாவி வீட்டு ஆணியில் தொங்கும். பெட்டிச் சாவி அவன் இடுப்பை விட்டு இறங்காது.

போன மாரியில் ஜீப்பின் வரிப்பத்திரம் முடிந்துவிட்டதால், அதைப் புதுப்பிக்க பஸ் ஏறிப் புளியந்தீவுக்குப் போயிருந்தான். அந்நேரம்தான் தங்கை யசோதினியின் புருஷன் குகதாசனின் உழவு இயந்திரம் வாய்க்காலுக்குள் சரிந்தது. ஆள் அடியில். நெஞ்சுவரை நின்ற தண்ணீர் மழையோடு ஏறிக்கொண்டிருந்தது.

மங்கையற்கரசி ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக் கொடுக்க, ஊர்க்காரர் ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனார்கள். ஜீப் போய்ச் சேர்ந்தது, பெட்டிதான் திறக்கவில்லை. கயிறு, ஜாக், எல்லாம் அதற்குள். அலவாங்கு போட்டு நெம்பினார்கள், அலவாங்கு வளைந்தது. "உடைங்கடா, வெட்டியாவது எடுங்கடா" என்று சுதாகரன் பஸ் நிலையத்தில் நின்று போனில் கத்தினான். தண்ணீர் குகதாசனின் நாடியைத் தொட்டபோது வன்னியசிங்கம் தன் பட்டியிலிருந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தார். வருஷக்கணக்காக வெயிலிலும் மாட்டு மூத்திரத்திலும் கிடந்த கயிறு. ஜீப்பில் கட்டி இழுத்தார்கள். இயந்திரம் ஒரு சாண் எழும்பியது. கயிறு அறுந்தது. எழும்பிய இயந்திரம் திரும்ப விழுந்து அவனை அமுக்கிவிட்டது.

சுதாகரன் வந்து சேர்ந்தபோது கரையில் துண்டாகக் கிடந்தது தன்னுடைய ஓமான் கயிறு என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"கயிறு இருந்தும் பூட்டி வெச்சு ஆளக் கொன்றுபோட்டான்" என்று செத்தவீட்டுப் பந்தலில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார் வன்னியசிங்கம். அவர் குரல்வளையைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது சுதாகரனுக்கு. பிடித்து என்ன பயன்? பூட்டியது அவன்தானே.

எட்டுச் சடங்கு முடிந்த மறுநாள் யசோதினி அவன் வளவுக்கு வந்தாள்.

"பெட்டிச் சாவியத் தாங்க, அண்ணன்."

கொடுத்தான். அவளே ஜீப்பில் ஏறிப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே புதுக் கயிறு, சேற்றுப் பொட்டு ஒன்றுகூட இல்லாமல் மடித்தபடி இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. மூடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"எவ்வளவு வடிவா வெச்சிருக்கீங்க" என்றாள்.

பிறகு பெட்டியைப் பூட்டி, சாவியை அவன் கையில் வைத்துவிட்டுப் போனாள்.