பல்லில்லாத முத்திரையும் குறுக்கிய களிசானும்

சென்ற ஆண்டு சித்திரை விடுமுறையில், தேற்றாத்தீவிலிருந்து மட்டக்களப்புக்கு மோட்டார் சைக்கிளில் போன ஒரு காலையில் நடந்தது இது. பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, பெரியது எது, சின்னது எது என்று இன்னொருவர் சொல்லித்தர வேண்டி வந்த கதை. என் மாணவர்கள் எவரும் இதை வாசிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

எனக்குத் தபால் முத்திரை சேர்க்கும் பைத்தியம் உண்டு. அதற்கு மூன்று கிழமை முன்பு, களுவாஞ்சிக்குடியில் பழைய கடதாசி வாங்கும் கடையில் கிடைத்த ஒரு கட்டுக்குள் பூப்படம் போட்ட முத்திரை ஒன்று இருந்தது. நான்கு பக்கமும் வழக்கமான ரம்பப் பல் இல்லை. முத்திரைகளைத் தாள் தாளாக அச்சடித்த பிறகுதான் கிழிப்பதற்கான துளைகளைப் போடுவார்கள். எப்போதாவது ஒரு தாள் துளை போடும் இயந்திரத்துக்குத் தப்பிவிடும். அந்தத் தாளில் உள்ளவற்றுக்குப் பல் இராது. அப்படி ஒன்று கிடைப்பது அபூர்வம். எனக்குக் கிடைத்துவிட்டது என்று அந்த நிமிடமே தீர்மானித்துவிட்டேன்.

மனைவியிடம் காட்டினேன். “பல்லு இல்லாட்டி மதிப்புக் கூடுமெண்டா, நீங்களும் இன்னும் கொஞ்ச வரிசம் பொறுத்தா நல்ல விலைக்குப் போவீங்க” என்றாள்.

மட்டக்களப்பு நகரில் இருக்கும் என் கூட்டாளிக்கும் இதே பைத்தியம். தொலைபேசியில் நான் அளந்த அளப்பில் அவன் மயங்கிப் போனான். பத்து வருடமாக ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்த பறவை முத்திரைத் தொகுதி முழுவதையும் மாற்றாகத் தர ஒப்புக்கொண்டான். உண்மையில் துளை தப்பியதா, பிறகு யாரோ கத்தரித்ததா என்று கூடக் கேட்கவில்லை. “நீ பார்த்தாச் சரி மச்சான்” என்று முடித்துவிட்டான்.

மாற்றப் போன அன்று, வழியில் காத்தான்குடியில் ஒரு தையல்கடையில் நிறுத்தினேன். புதுக் களிசான் ஒன்றின் கால் நீளத்தைக் குறுக்கக் கொடுத்திருந்தேன். என் உயரத்துக்குக் களிசான் தைக்கும் கம்பனி இந்த உலகத்தில் இன்னும் தொடங்கப்படவில்லை. தையல்காரர் பொத்தான் கட்டிக்கொண்டிருந்தார். சும்மா இருக்க முடியுமா? முத்திரையை எடுத்து அவருக்கும் காட்டினேன். அருமை விளங்கட்டும் என்று, அதே முத்திரையில் பல்லுள்ள ஒன்றையும் பக்கத்தில் வைத்தேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு பல்லில்லாததை எடுத்துப் பல்லுள்ளதன் மேல் வைத்தார். நான்கு பக்கமும் கீழே இருந்ததன் பல்லுகள் எட்டிப் பார்த்தன.

“சேர், உங்கட களிசான்ல நான் ரெண்டு இஞ்சு வெட்டினன். இப்ப அது முந்தினதவிட நீளமா இரிக்குமா, கட்டையா இரிக்குமா?”

“கட்டையா.”

“அப்ப இதுக்கும் அதான். பல்லு போகோணுமெண்டா பல்லுக்கு உள்ளால வெட்டோணும். முதல்லயே பல்லு போடாததெண்டா கரை மிச்சமா நிக்கும். இது ஆரோ கத்தரி வெச்ச சாமான்.”

இரண்டு முத்திரையையும் எடுத்துப் பைக்குள் போட்டேன். என்ன கேட்டாலும் அது ஐந்தாம் வகுப்புக் கேள்வியாக இருந்திருக்கும். களிசானை வாங்கிக்கொண்டு புறப்பட்டேன்.

கல்லடிப் பாலத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். கூட்டாளி ஒப்பிட்டுப் பார்க்கமாட்டான், நான் சொன்னதை நம்புவான். அந்தப் பறவைகள் எல்லாம் பின்னேரமே என் வீட்டில் இருக்கும். தையல்காரருக்கு அவன் யாரென்றே தெரியாது. இப்படியெல்லாம் ஒரு கணக்கு ஓடியது. கணக்கில் நான் கெட்டிக்காரன் இல்லை என்பது சற்று முன்புதான் நிரூபணமாகியிருந்ததால், அதை நம்பாமல் வண்டியை எடுத்தேன்.

அவன் வீட்டு மேசையில் பறவை அல்பம் தயாராக இருந்தது. நான் அதைத் தொடாமல், தையல்காரர் வைத்த மாதிரியே ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டையும் வைத்துக் காட்டினேன். அவன் குனிந்து பார்த்தான். முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. நான் முத்திரையை எடுக்கப் போனபோது கையைப் பிடித்தான்.

“இத எனக்குத் தா மச்சான்.”

“வெட்டினது எண்டு சொல்றன்.”

“அதுக்குத்தான் கேக்கிறன். இனி ஆரும் இப்பிடி ஒண்டக் கொண்டுவந்தா வெச்சுப் பாக்க வேணாமா?”

இரண்டையும் வாங்கி அல்பத்தின் ஒரு பக்கத்தில் அருகருகே ஒட்டி, கீழே அழகான எழுத்தில் குறிப்பும் போட்டான்: “வெட்டப்பட்டது. கண்டுபிடித்தவர்: காத்தான்குடித் தையல்காரர். ஏமாந்தவர்: கணக்கு வாத்தியார்.” வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறந்து காட்டுகிறான்.

அந்த முத்திரைக்குக் கத்தரி வைத்தவர் யார், ஏமாற்றத்தான் வைத்தாரா, அல்லது பல்லைக் கண்டால் பிடிக்காத யாரோ ஒருவரா என்று இன்றும் யோசிப்பேன். அதைவிட விளங்காத ஒன்று உண்டு. அந்த மூன்று கிழமையும் என் மேசையில் முத்திரைக்குப் பக்கத்திலேயே நீளம் அளக்கும் அடிமட்டம் கிடந்தது. வாயால் அத்தனை அளந்த நான் அதை மட்டும் கையில் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன தெரியவரும் என்று எனக்குள் யாருக்கோ முன்பே தெரிந்திருந்தது போல.