சலவைப் பிரிவுக்கு இன்னொரு வாசல்

அந்த மருத்துவமனையின் சர்வரைப் பார்த்துக்கொள்பவளுக்குப் பூட்டுக்காரி என்று பெயர் வைத்தது யாரென்று அவளுக்கே தெரியாது. இணையதளத்துக்குள் யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்று முடிவுசெய்யும் நிரலை எழுதுவது அவள் வேலை. பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தத் தளத்தில் ஊழியர்கள் வருகையைப் பதிய இனி கைரேகை மட்டும்தான் என்று நிர்வாக அதிகாரி உத்தரவு போட்ட மூன்றாம் நாள், சலவைப் பிரிவிலிருந்து ஆறு பெண்கள் அவள் மேசை முன் வந்து நின்றார்கள்.

"ஏம்மா, காலையிலருந்து இடுப்பொடிய துவைச்சிட்டிருக்கோம். நாங்க வரவே இல்லைன்னு சொல்லுதே உன் மெஷினு?" என்றாள் மூத்தவள்.

பூட்டுக்காரி அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். பல வருட பிளீச்சிங் பவுடரில் விரல்நுனி வழவழத்துப் போயிருந்தது. ரேகை மருந்துக்கும் இல்லை.

அதிகாரியிடம் போய்ச் சொன்னாள். "கையை நல்லா தொடைச்சிட்டு வைக்கச் சொல்லுங்க மேடம்" என்றார் அவர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அதற்குமேல் அவள் யாரிடமும் கேட்கவில்லை. கைரேகை பொருந்தாவிட்டால் அடையாள அட்டை, அட்டையும் கையில் இல்லாவிட்டால் கடவுச்சொல் என்று மூன்று வழிகளை வரிசையாக நிரலில் அமைத்தாள். மூத்தவளை வரவழைத்து விரல் வைக்கச் சொன்னாள். 'அனுமதி இல்லை' என்று திரை அப்போதும் சிவந்தது. அட்டையைக் கேட்கவே இல்லை.

"எங்களுக்கு ராசி அவ்வளவுதான், விடும்மா."

"ராசியாவது ஒண்ணாவது! நீங்க உக்காருங்கக்கா."

வரி வரியாகத் தேடி மதியத்துக்குள் பிடித்துவிட்டாள். ரேகை தெரியாத விரலைக் கண்டதும் முதல் சோதனை 'எனக்குத் தெரியவில்லை, அடுத்ததைக் கேள்' என்று ஒதுங்கியிருக்க வேண்டும். அதுவோ 'இவள் இல்லை' என்று தீர்ப்பெழுதிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. அதைத் திருத்தினாள். அடுத்த தடவை திரை அட்டையைக் கேட்டது. மூத்தவளின் பெயர் பச்சையில் வந்தது. மறுநாள் ஆறு பெயரும் வந்தன.

அதிகாரி கூப்பிட்டனுப்பினார்.

"யாரைக் கேட்டு இதைச் செஞ்சீங்க? மூணு வழி வெச்சா கண்டவனும் நுழைவான்."

"மூணுக்கும் பூட்டு இருக்கு சார். கடவுச்சொல்லை அஞ்சு தடவை தப்பா போட்டா தானா அடைஞ்சிடும்."

"எடுத்துடுங்க. இது உத்தரவு."

"சரி சார். ஆறு பேரும் வேலைக்கு வந்தாலும் வரலைன்னுதான் பதியணும்னு எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க. இப்பவே எடுத்துடறேன்."

அவர் பேனாவைத் திறந்தார். வெள்ளைத்தாளை முன்னால் இழுத்துக்கொண்டார். பிறகு மூடி வைத்துவிட்டு, "போங்க" என்றார்.

அந்த வருடம் அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. மேசையையும் மாடியிலிருந்து இறக்கி, உடைந்த கட்டில்கள் கிடக்கும் அறையில் போட்டார்கள். அவள் கட்டில்களைச் சுவரோரம் தள்ளி இடம் பண்ணிக்கொண்டாள். இரண்டாவது வாரம், தீக்காயத்தில் விரல்நுனி பொசுங்கிய சமையல்காரர் ஒருவர் கதவைத் தட்டினார்.

"அட்டை கொண்டுவந்தீங்களாண்ணே?" என்று கேட்டபடியே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.