பிஸ்கட் டின் மூடிக்குப் பின்னால்

மலை சரியலாம் என்று சொல்லி எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்களையெல்லாம் தோட்டத்துப் பாடசாலைக்கு அனுப்பிவைத்தபோது எனக்குப் பதினொரு வயது. நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒன்பது நாளாக மழை விடவில்லை. லயத்துக்குப் பின்னால் மண்ணில் நீளமாக வெடிப்பு விட்டிருந்தது. கிராம சேவகர் சொல்லும்வரை யாரும் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்பது உத்தரவு. பாடசாலைக்குள் நாயைக் கொண்டுவரக் கூடாது என்பது இன்னோர் உத்தரவு. அதனால் எங்கள் மணியை அவிழ்த்துவிட்டுவிட்டு வந்தோம். ஆறு வயதுத் தம்பி வழி நெடுகத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

அவனைச் சமாளிக்கத்தான் மாமா அந்த விளையாட்டைத் தொடங்கினார். மாமா அம்மாவின் தம்பி. கொழும்பில் கம்ப்யூட்டர் திருத்தும் கடையில் வேலை பார்த்தார். லீவுக்கு வந்த இடத்தில் எங்களோடு மாட்டிக்கொண்டார். கடையில் கூட இருப்பவர்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடும் ஆட்டமாம். பலகை கிடையாது, காய் கிடையாது. மாமா கதை சொல்லுவார். நாங்கள் அந்தக் கதைக்குள் ஆட்களாக இருப்போம். இன்னது செய்யப் போகிறேன் என்று நாங்கள் சொன்னதும், இருபது முகம் கொண்ட நீலப் பகடை ஒன்றை அவர் உருட்டுவார். பெரிய எண் விழுந்தால் நினைத்தது நடக்கும். சின்ன எண் விழுந்தால் விபரீதம். ஆனால், பிஸ்கட் டின் மூடி ஒன்றை நிமிர்த்தி வைத்து அதன் பின்னால்தான் உருட்டுவார். விழுந்த எண்ணை வாயால் சொல்லுவார், நாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

சூரியனைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் அரக்கனைத் தேடிப் போவது கதை. பெரியப்பா மகளான அக்கா வில்லுக்காரி. நான் வைத்தியர். தம்பி மனிதனாக இருக்கவே மாட்டேன் என்றுவிட்டான். மணியாக இருப்பேன் என்றான். மாமாவும் சரி என்றார்.

இரண்டாம் நாள், சாகக் கிடந்த ஒரு ராஜாவைப் பிழைக்க வைத்தேன். பத்தொன்பது விழுந்தது. அதை அம்மாவிடம் சொன்னேன், அப்பாவிடம் சொன்னேன், அந்த வகுப்பறையில் பாய் விரித்திருந்த எல்லோரிடமும் சொன்னேன்.

மூன்றாம் நாள் மாமாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய் அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன். மணி ஆற்றில் குதிப்பதாகத் தம்பி சொன்னான். பகடை உருண்டு நின்றது. இரண்டு.

"பதினாலு," என்றார் மாமா. "மணி நீந்திக் கரையேறிட்டான்."

தம்பி கைதட்டிக் குதித்தான். அப்படியென்றால் என் பத்தொன்பது? அந்த ராஜா நிஜமாகப் பிழைத்தாரா, இல்லை மாமா பிழைக்க வைத்தாரா? அக்காவைத் தனியே இழுத்துப்போய்ச் சொன்னேன். "கதை நல்லாத்தானே போகுது, உனக்கு என்னடி?" என்று கேட்டுவிட்டுத் தலைசீவப் போய்விட்டாள். அவளுக்கு முன்பே தெரியுமோ என்னவோ.

மறுநாள் ஆட்டம் தொடங்குமுன் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டேன். "இனிமே தெரியிற மாதிரிப் போடுங்க மாமா."

"பகடைக் கட்டை சொல்றதையே கேட்டா சில நேரம் கதை கெட்டுப்போயிரும் பாப்பா."

"அப்போ கட்டை எதுக்கு?"

மாமா சிரித்துக்கொண்டே பாயின் நடுவில் பகடையைப் போட்டார்.

அவ்வளவு நல்ல ஆட்டத்தை நாங்கள் அதுவரை ஆடியதில்லை. பகடை உருளும்போதே நெஞ்சு அடித்துக்கொண்டது. கேரம் ஆடிக்கொண்டிருந்த பெரிய ஆட்கள்கூட எழுந்துவந்து சுற்றி நின்றார்கள். அக்காவின் அம்புக்குப் பதினெட்டு விழுந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்ததாக, மணி கயிற்றுப் பாலத்தில் ஓடுவதாகத் தம்பி சொன்னான்.

பகடை நின்றது. மாமாவின் கை அதன் பக்கம் போய், பாதியில் நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். நான் எண்ணைப் பார்த்தேன். "ஒன்னு," என்று சத்தமாகவே வாசித்தேன்.

"பாலம் அறுந்துருச்சுடா," என்றார் மாமா, மெதுவாக.

தம்பி அழவில்லை. எழுந்துபோய், லயம் இருக்கும் திசையைப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். சாப்பிடக் கூப்பிட்டபோதும் வரவில்லை.

அன்று பின்னேரம் அப்பாவைக் காணவில்லை. திரும்பி வந்தபோது முழங்கால்வரை சேறு. தம்பியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சொன்னார்: "மணி நல்லாருக்கான்டா. சோறு வச்சேன். பூராத்தையும் தின்னுட்டான்."

தம்பி அந்த நொடியே நம்பிவிட்டான். அப்பாவின் தட்டிலிருந்தே சாப்பிட்டான். நான் அப்பாவை வாசல் பக்கம் கூட்டிப்போனேன்.

"நெசமாவாப்பா? இல்ல, தம்பிக்காகச் சொல்றீங்களா?"

"கண்ணால பார்த்துட்டு வந்துதான் சொல்றேன்."

"மாமாவும் பதினாலுன்னுதான் சொன்னாரு."

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமாவைப் பார்த்தார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கால் கழுவப் போனார்.

காலையில் நான் கண்விழித்தபோது அப்பாவின் பாய் சுருட்டியிருந்தது. அம்மா விறாந்தையில் மழைச்சாரலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரச் சொல்லி மாமா இரண்டு தடவை கூப்பிட்டார். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. வெகுநேரம் கழித்து, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேலே, லயத்திலிருந்து வரும் குறுக்குப்பாதையில் அப்பா இறங்கி வந்தார். தோளில் கம்பளி மூட்டை. அதிலிருந்து ஒரு கறுத்த மூக்கு எட்டிப் பார்த்தது.

அப்பா மணியைத் தம்பியிடம் கொடுக்கவில்லை. நேராக வந்து என் முன்னால் இறக்கினார்.

"பாத்துக்க," என்றார்.

கிராம சேவகர் வந்து சத்தம்போட்டார். அப்பா தலையாட்டிக்கொண்டே நின்றார். மணி தன்மேலிருந்த சேற்றையெல்லாம் எங்கள் பாயில் உதறியது. எனக்குப் பெருமையாக இருந்தது. நான் கேட்டதால்தானே உண்மை கண்ணுக்கு முன்னால் வந்து வாலாட்டுகிறது.

பதினொரு மணி இருக்கும், லொறியிலிருந்து கல் கொட்டுவது போல ஒரு சத்தம். எல்லோரும் வெளியே ஓடினோம். லயம் அப்படியே இருந்தது. பீலிக்கு மேலே இருந்த குறுக்குப்பாதைதான் இல்லை. தேயிலைச் செடிகளோடு சேர்ந்து ஆற்றுப் பக்கம் போய்விட்டிருந்தது. மணிக்கு எவ்வளவு அதிர்ஷ்டம் என்று நான் அக்காவிடம் சொன்னேன். அம்மா மட்டும் பார்க்க வரவில்லை. அப்பாவின் ஈரச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் எல்லோருக்கும் சோறு போட்டவள் என் தட்டையும் நிரப்பினாள். முகத்தை மட்டும் நிமிர்த்தவில்லை.

பின்னேரம் மாமா பகடையை எடுத்தார். ஆனால் உருட்டவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "மூடி வேணுமா, வேணாமா?"

அக்கா என்னைப் பார்த்தாள். மணியை மடியில் போட்டுக்கொண்டிருந்த தம்பியும் என்னைத்தான் பார்த்தான்.

"வேணாம். தெரியவே போடுங்க," என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து விறாந்தைக்குப் போய்விட்டாள். நாய் வந்துவிட்டது. அப்பாவும் வந்துவிட்டார். அப்பா சொன்னது பொய்யில்லை என்றும் ஆகிவிட்டது. பிறகு அம்மாவுக்கு என்மேல் என்ன கோபம் என்று, பகடை உருண்டு நின்ற பிறகும் யோசித்துக்கொண்டிருந்தேன். என்ன எண் விழுந்தது என்று அக்காதான் சொன்னாள்.