காக்கிச் சட்டைக்குத் தமிழ் வகுப்பு

இருட்டினதும் எங்கள் வாடகை வீட்டுப் பின்வளவில் ஒரு சத்தம். தகரத்தை யாரோ நகத்தால் கீறுவது போல வரும். கொஞ்ச நேரம் ஓயும். பிறகு சாவிக்கொத்தை ஆட்டுவது போல கிலுகிலுவென்று கேட்கும். போன மாதம் முழுக்க இதுதான் கதை. கணவர் கட்டாரில். வீட்டில் நானும் மூன்று வயது மகளும் மட்டும். பொலிஸைக் கூப்பிட வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். பொலிஸ்காரர்களுக்குத் தமிழ் படிப்பிப்பதுதான் என் தொழில்.

வளர்ந்த ஆட்களுக்குப் பாடம் எடுத்துப் பார்த்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையை வாங்குப் பலகையில் ஏற்றி நிறுத்தலாம். இடுப்பில் துவக்கோடு வருகிறவரை என்ன செய்வது? அரசாங்க வேலையில் இருப்பவர்கள் இரண்டாம் மொழிப் பரீட்சை எழுத வேண்டும் என்பதால், சனிக்கிழமை காலையில் கண்டியில் ஒரு தனியார் கல்வி நிலையத்து மாடி வகுப்பறையில் காக்கிச் சட்டைகள் வரிசையாக வந்து உட்காரும். பல்லேகல மைதானத்தில் கிரிக்கெட் மேட்ச் இருந்தால் மட்டும் வகுப்பு காலி. அன்றைக்கு எல்லாரும் மைதானக் கேட்டில் காவலுக்கு நிற்பார்கள்.

பகலில் இவர்களுடைய பிழையைத் திருத்துகிறேன். இரவில் இவர்களைக் கூப்பிடத்தான் கை வரவில்லை.

கள்ளனுக்கு மரியாதை

எங்களுக்குக் கிடைத்த பாடப் புத்தகத்தில் பொலிஸ் எல்லாரையும் 'நீ' என்றுதான் விசாரிக்கும். 'நீ எங்கே போகிறாய்? உன் பையில் என்ன?' கொன்வென்டில் சிஸ்டர்மாரிடம் படித்த எனக்கு அதை வாய்விட்டு வாசிக்கவே கூசியது. எல்லா இடத்திலும் 'நீங்கள்' என்று மாற்றி எழுதிக்கொடுத்தேன். முன்வரிசையில் இருக்கிற சார்ஜன்ட் பண்டார கையை உயர்த்தினார். நரைத்த மீசை, பெரிய வயிறு, வகுப்பிலேயே மூத்தவர். "மிஸ், மாடு களவெடுத்தவனுக்கும் 'நீங்க'வா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"அவர்தான் எடுத்தார் என்று உங்களுக்குத் தெரியுமா?"

"அது கோர்ட்டில் தீர்ப்பு வந்தால்தான் தெரியும்."

"அப்படியானால் தீர்ப்பு வரும்வரை 'நீங்க'தான்."

வகுப்பே அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். "மிஸ், இந்த நாட்டில் தீர்ப்பு வர இருபது வருஷம் ஆகும். அவ்வளவு நாளும் ஒரு மாட்டுக் கள்ளனுக்கு மரியாதை கொடுக்க என் சேர்விஸ் காணாது."

இரண்டு கதிரை, இரண்டு கட்சி

எங்கள் ஆசிரியர் அறையில் இரண்டு பேர் எப்போதும் மோதிக்கொள்வார்கள். கணக்கியல் படிப்பிக்கிற பரீதா டீச்சருக்கு ஊர் கலகெதர. ஆங்கிலம் படிப்பிக்கிற சிவம் மாஸ்டர் யாழ்ப்பாணம். ஒரு நாள் முன்னாள் அரசியல்வாதி ஒருவரைப் பிடித்த செய்தி போனில் ஓடியது.

"பாத்தீங்களா, இப்பதான் பொலிஸ் பொலிஸா ஈக்கிது" என்றார் டீச்சர்.

"ஓம் ஓம், மேலிடம் சொன்ன ஆளைப் பிடிக்கினம். இது பழிவாங்கல், பாருங்கோ" என்றார் மாஸ்டர்.

போன ஆட்சியில் எதிர்ப்பக்கத்து ஆள் ஒருவரைப் பிடித்தபோது, இதே கதிரைகளில் இருந்துகொண்டு மாஸ்டர் பொலிஸைப் புகழ்ந்தார். டீச்சர்தான் பழிவாங்கல் என்றார். நான் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தவள். சும்மா இருக்க முடியாமல் கேட்டுவிட்டேன்: "மாறினது பொலிஸா, நீங்க ரெண்டு பேருமா?"

மாஸ்டர் செய்திக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பரீதா டீச்சர்தான் சிரித்துவிட்டுச் சொன்னார்: "பொலிஸும் மாறல்ல, நாங்களும் மாறல்ல புள்ள. புடிபட்ட ஆள்தான் மாறின."

பாடத்தில் வராத போன்

முறைப்பாடு எடுப்பது எப்படி என்று நடித்துப் பழகும் பாடம். சார்ஜன்ட் பண்டாரவுக்கு முறைப்பாட்டோடு வரும் தோட்டத் தொழிலாளி வேஷம். தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு உண்மையிலேயே கூனிக் குறுகி நின்றார். இளம் கொன்ஸ்டபிள் நுவன் மேசையில். "உட்காருங்கள் ஐயா. என்ன நடந்தது?" என்று நுவன் அழகாகத் தொடங்கினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒருவர் குறும்பாக "ட்ரிங், ட்ரிங்!" என்றார். "ஹலோ, மந்திரியின் ஆள் பேசுகிறேன்." நுவன் யோசிக்கவே இல்லை. விருட்டென்று எழும்பி நின்றார். கை தானாகவே முறைப்பாட்டுக் கொப்பியை மூடியது. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்து முடிந்ததும் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பண்டார தலையிலிருந்த துவாயை அவிழ்த்து மெல்ல மடித்தார்.

இடைவேளையில் நுவன் என் மேசைக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது. பிழையைத் திருத்தித் தரச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "மிஸ், உங்க பாடத்தில் போன் வாறதே இல்ல. எங்களுக்கு ஒவ்வொரு நாளும் வருது. அந்த நேரம் என்ன சொல்ல வேணும் எண்டு ஒரு பாடம் இருக்கா?"

அப்பாவின் கணக்கு

ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்திலிருந்து அப்பா பேத்தியைப் பார்க்க வந்தார். பின்வளவுச் சத்தத்தைச் சொன்னேன். "பொலிஸ மட்டும் கூப்பிட்றாத தாயி. மெம்பருக்குச் சொல்லு" என்றார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. கள்ளன் வந்தாலும் முதலில் பிரதேச சபை மெம்பருக்குத்தான் போன். பொலிஸுக்குப் போவதாக இருந்தால் மெம்பரோடு போவோம். தனியே அந்தப் படியேற மாட்டோம். மெம்பர் நம்ம கட்சியாக இல்லாவிட்டால் அடுத்த தேர்தல்வரை பொறுத்துக்கொள்வோம்.

அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. யுத்த காலத்தில், நான் கைக்குழந்தையாக இருந்தபோது, அவரை லயத்து வீட்டிலிருந்து பொலிஸ் ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். ஏன் பிடித்தார்கள் என்று சொல்லவில்லை. விட்டபோதும் ஏன் விட்டார்கள் என்று சொல்லவில்லை. "அதுல ஒரு ராலஹாமி மட்டும் யாருக்கும் தெரியாம டீ வாங்கிக் குடுத்தாரு. நல்ல மனுசன்" என்று ஒவ்வொரு முறையும் அந்தப் பொலிஸ்காரரையும் சேர்த்தே சொல்வார். சொல்லிவிட்டு, பேத்தியின் தலையைத் தடவிக்கொண்டே தன் கணக்கையும் சொன்னார்: "கள்ளன் வந்தா சாமான் போகும். பொலிஸ் வந்தா ஆள் போகும்."

அவசர வீட்டுப்பாடம்

அப்பா ஊருக்குப் போன அடுத்த நாள், இரவுச் சாப்பாட்டு நேரத்தில், சத்தம் கதவுக்கே வந்துவிட்டது. மகள் சோற்றுக் கையோடு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மெம்பருக்குப் போன் எடுத்தேன். கூட்டத்தில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார். பொலிஸ் இலக்கத்தை அழுத்தப் போன விரலில் அப்பாவின் கணக்கு வந்து நின்றது. தெரிந்த முகங்களாவது வரட்டும் என்று வகுப்பு வட்ஸ்அப் குழுவைத் திறந்து எழுதினேன்: 'என் வீட்டின் பின்புறத்தில் யாரோ நடமாடுகிறார்கள். மிகவும் அச்சமாக உள்ளது. தயவுசெய்து விரைந்து வாருங்கள்.' சிஸ்டர்மார் வளர்த்த வளர்ப்பு அப்படி. நடுங்கும்போதும் முற்றுப்புள்ளி தவறாது.

உடனே பதில்கள் வந்தன. ஒருவர் கட்டைவிரலை உயர்த்தினார். இன்னொருவர் மூன்று வசனங்களையும் சிங்களத்தில் மொழிபெயர்த்து அனுப்பினார். ஒரு பிழை இல்லை. மூன்றாமவர், 'மிஸ், இது சனிக்கிழமைக்கா?' என்று கேட்டார். வீட்டுப்பாடம் என்று நினைத்துவிட்டார்கள்! குரல் பதிவு ஒன்றை அனுப்பினேன். மகளின் அழுகைதான் அதில் பதிவானது. அது எல்லாருக்கும் விளங்கியது.

விலாசத்தைக் கேட்டுக்கொண்டு பண்டாரவும் நுவனும் ஒரே மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். பண்டார காக்கி இல்லாமல், வீட்டில் கட்டியிருந்த சாரத்தோடு. டோர்ச் அடித்து வளவெல்லாம் சுற்றிவிட்டு, கறுப்பும் வெள்ளையுமாக ஒரு முள்ளை என் கையில் தந்தார். முள்ளம்பன்றி. மரவள்ளிக்கு வந்திருக்கிறது. வெட்கத்தில் நான் மன்னிப்புக் கேட்க, அவர் அதைக் காதில் வாங்காமல் பின்கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் குடிவந்த நாளிலிருந்து துருப்பிடித்து அசையாமல் கிடந்த தாழ்ப்பாள். நுவன் குசினியில் தேங்காயெண்ணெய் வாங்கி ஊற்றி, குழவிக் கல்லால் தட்டித் தட்டி அதை இளக்கினார். மகள் அழுகையை மறந்து டோர்ச் பிடித்தாள்.

போகும்போது பண்டார பின்கதவுப் படியில் நின்று, சிங்களத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தமிழில் சொன்னார்: "மிஸ், நாளைக்கு ஒரு ஆள் வந்து 'நான் பொலிஸ்' எண்டு சொல்லலாம். திறக்க வேண்டாம். பேர் கேளுங்கள். ஸ்டேசனுக்குப் போன் எடுத்துக் கேளுங்கள். நான் வந்தாலும் கேளுங்கள். இப்ப பூட்டுங்கள், சத்தம் கேட்டுத்தான் நான் போவேன்."

வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு பொலிஸ்காரரை முழுசாக நம்பி, அவர் சொன்னபடியே, அவரையும் சேர்த்து எல்லாரையும் வெளியே விட்டு, உள்ளே நின்று தாழ்ப்பாளைப் போட்டேன்.